துண்டு போட்ட இருக்கை

ஆறு வருடங்களுக்கு முன் ஆய்வகக் கூட்டத்தில் நான் காட்டிய ஒரு படம் இன்னும் என் கணினியில் இருக்கிறது. அதில் இரண்டு மேடுகள். வலப்பக்கம் உயர்ந்து நிற்பது, நோயை எதிர்க்கும் வெள்ளணு வகையான டி செல்கள், தூண்டப்படாதவை. இடப்பக்கம் சரிந்து கிடப்பது இரண்டு நாள் தூண்டப்பட்ட டி செல்கள். கிடைக்கோட்டில், அவற்றின் மேற்பரப்பில் இருக்கும் சிடி28 என்ற ஏற்பியின் அளவு. படத்துக்குக் கீழே, "தூண்டப்பட்ட செல்கள் தங்கள் மேற்பரப்பிலிருந்து சிடி28-ஐ ஏறக்குறைய முழுவதுமாக இழந்துவிடுகின்றன" என்று எழுதியிருந்தேன். படத்தில் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் கருவி உண்மையாகவே அளந்தது. ஆனால் வாக்கியம் தவறு.

அது தவறு என்று தெரிந்ததும் எங்கள் குழுவில் எல்லோரிடமும் சொன்னேன். அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். சென்ற மாதம், நான் வெளியேறிய பிறகு அந்த ஆய்வகத்தில் சேர்ந்த ஒரு மாணவி எழுதியிருந்தாள்: "அக்கா, நீங்கள் செய்த அந்தப் பழைய சிடி28 படத்தின் மூலக்கோப்பு இருந்தால் அனுப்ப முடியுமா? என் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தில் சேர்க்க விரும்புகிறேன்." பொதுக் கோப்புறையில் யாரோ சேமித்து வைத்த படம், எனக்குத் தெரியாமலேயே கைமாறிக் கைமாறி அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. திருத்தத்தை வாயால்தான் சொன்னேன். தவறு மட்டும் கோப்பில் இருந்துவிட்டது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. அவளுக்கு எழுதிய பதில் நீண்டுகொண்டே போனது. அதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

டி செல்லை விழிக்கச் செய்வதற்கு ஒரு சைகை போதாது என்பது நம் துறையின் பால பாடம். 1970-இல் பிரெட்ஷரும் கோனும் இரண்டு சைகைகள் வேண்டும் என்று முதலில் வாதிட்டார்கள். 1987-இல் ஜென்கின்ஸும் ஷ்வார்ட்ஸும், முதல் சைகை மட்டும் கிடைத்த டி செல் சும்மா இருப்பதோடு நிற்காமல், பின்னர் முறையாக அழைத்தாலும் எழாத அளவுக்கு உறைந்துபோகிறது என்று காட்டினார்கள். இரண்டாவது சைகை நுழையும் முக்கியமான வாசல் சிடி28 என்ற ஏற்பி. உடலுக்குள் அந்த வாசலைத் தட்டுபவை, டி செல்களுக்கு அந்நியப் பொருளைக் காட்டும் டென்ட்ரைட்டிக் செல்களின் மேலிருக்கும் பி7 மூலக்கூறுகள். ஆய்வகத்தில் அவற்றுக்குப் பதிலாக, குறிப்பிட்ட புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை வைத்து நாம் தட்டுகிறோம். 1992-இல் ஜேம்ஸ் அலிசனின் குழு, வெள்ளெலியில் உருவாக்கிய 37.51 என்ற ஆன்டிபாடியை வைத்து எலியின் சிடி28-ஐத் தட்டி, டி செல்கள் உறைந்துபோகாமல் காப்பாற்றியது. இன்றும் எலிச் செல்களோடு வேலை செய்பவர்களின் குளிர்பெட்டியைத் திறந்தால் 37.51 கண்ணில் படும். மனிதச் செல்களுக்கு அதே இடத்தில் சிடி28.2 என்ற ஆன்டிபாடி இருக்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஆன்டிபாடியை நாம் இரண்டு வேலைகளுக்கு வைத்துக்கொள்கிறோம். ஒளிரும் சாயத்தை ஏற்றினால் அது பார்க்கும் கண். சாயம் இல்லாமல் செல்களோடு விட்டால் அது தொட்டு எழுப்பும் கை. இரண்டுக்கும் புட்டியில் ஒரே பெயர்தான். "சிடி28 எங்கே?" என்று ஒருவர் கேட்க, "மேல்தட்டில் இரண்டாவது பெட்டி" என்று மற்றவர் சொல்லும் அந்த அன்றாடப் பேச்சில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது.

அந்தத் தட்டு

ரத்த வங்கியிலிருந்து வரும், வெள்ளணுக்கள் செறிந்த பஃபி கோட் பையைக் காலையிலேயே வாங்கி வந்துவிடுவேன். ஃபைகால் கரைசலின் மேல் ரத்தத்தைக் குழாயின் சுவரோடு ஒட்டி மெல்ல வழியவிட்டு, மையவிலக்கியில் சுழற்றி எடுத்தால், நடுவில் பாலாடை போல ஒரு வெண்வளையம் நிற்கும். அதை உறிஞ்சி எடுக்கும்போது கை நடுங்கினால் சிவப்பணுக்களும் சேர்ந்து வந்துவிடும். முந்தைய நாள் மாலையே 96 குழித் தட்டில் ஓகேடி3 ஆன்டிபாடியை பிபிஎஸ் என்ற உப்புக்கரைசலில் கலந்து ஊற்றி நான்கு டிகிரியில் வைத்திருப்பேன். இரவுக்குள் அது பிளாஸ்டிக்கின் அடியில் படிந்து ஒட்டிக்கொள்ளும். காலையில் கவிழ்த்துக் கழுவி, குழி காய்வதற்குள் செல்களைப் போட வேண்டும். சிடி3-ஐப் பிடிக்கும் ஓகேடி3 முதல் சைகை. இரண்டாவது சைகைக்கு மில்லிலிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் சிடி28.2, கரைசலாக.

இரண்டாம் நாள் உருப்பெருக்கியில் பார்ப்பது எனக்கு என்றுமே அலுக்காத காட்சி. முதல் நாள் சிறு மணலாகத் தனித்தனியே கிடந்த செல்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கும். ஒவ்வொன்றும் உப்பியிருக்கும். கொத்தின் ஓரத்தில் சில செல்கள் ஒருபக்கம் நீண்டு, எங்கோ கிளம்புவது போல இருக்கும். ஊடகத்தின் சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளை நோக்கிப் போகும். ஓகேடி3 மட்டும் இருந்த குழிகளிலும் கொத்துகள் உண்டு, ஆனால் சிறியவை. இரண்டும் சேர்ந்த குழிகளோ பார்த்த உடனே தெரியும்.

அந்தக் கொத்துகளைப் பிரித்து, கழுவி, சாயம் ஏற்றிய சிடி28 ஆன்டிபாடியைச் சேர்த்து, ஒவ்வொரு செல்லின் ஒளிர்வையும் அளக்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டினேன். இரண்டு சைகைகளும் பெற்ற செல்களில் சிடி28 காணவில்லை. ஓகேடி3 மட்டும் பெற்ற செல்களில் இருந்தது. மூன்று வெவ்வேறு கொடையாளர்களின் ரத்தத்தில் செய்தும் இதேதான் வந்தது. ஐசோடைப் கன்ட்ரோல், அதாவது எதையும் குறிவைக்காத ஒப்பீட்டு ஆன்டிபாடி, சரியாக இருந்தது, செத்த செல்களை விலக்கியிருந்தேன், ஒரு சாயத்தின் ஒளி இன்னொன்றில் கசிவதைத் திருத்தியிருந்தேன். நமக்குக் கற்றுத்தந்த எல்லா எச்சரிக்கைகளையும் கடைப்பிடித்திருந்தேன். விளக்கமும் தயாராக இருந்தது: தட்டப்பட்ட ஏற்பியைச் செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது, இது தன்னைத் தானே அடக்கிக்கொள்ளும் வழி. சிடி28 தூண்டப்பட்டால் உள்ளிழுக்கப்படுவது மெய்யாகவே நடக்கும் ஒன்று. அதனால் யாருக்கும் ஐயம் வரவில்லை. நம்பத் தகுந்த காரணம் கையில் இருக்கும்போது கேள்விகள் குறைந்துவிடுகின்றன. எங்கள் குழுவில் ஒரு தம்பி அந்த முடிவை நம்பி இரண்டு மாத வேலைக்குத் திட்டம் போட்டுவிட்டான்.

திருப்பம் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மதியம் வந்தது. ஃப்ளோ சைட்டோமீட்டர் அறையைக் கவனித்துக்கொள்ளும் அண்ணன் என் மாதிரிகளை ஓட்டுவதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் இல்லை. பதினைந்து வருடங்களாக அந்தக் கருவிக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லாத் துறை மாணவர்களின் செல்களையும் பார்த்தவர்.

"ஏம்மா, சாயத்தில் எந்தக் குளோன்?" என்றார்.

"சிடி28.2, அண்ணா."

"தட்டில் ஊற்றியது?"

பதில் தொண்டை வரை வந்து நின்றது. அதுவும் சிடி28.2. அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. அடுத்தவருடைய நேரம் தொடங்குகிறது என்று சுவரிலிருந்த அட்டவணையைக் காட்டினார்.

மேலே போட்ட துண்டு

குளோன் என்றால் என்ன என்று நான் பாடமாகப் படித்திருந்தேன். 1975-இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டீனும் ஆன்டிபாடி சுரக்கும் ஒரு பி செல்லை, சாகாமல் பெருகும் மைலோமா என்ற ஒரு புற்றுச் செல்லோடு இணைத்தார்கள். அந்த ஒரே செல்லின் வழித்தோன்றல்கள் எல்லாம் ஒரே ஆன்டிபாடியைச் சுரக்கும். அது ஒரு புரதத்தைப் பிடிக்கிறது என்பதைவிட, அந்தப் புரதத்தில் குறிப்பிட்ட ஒரே மூலையைப் பிடிக்கிறது என்பதுதான் சரி. சிடி28.2 என்ற பெயர் அந்த மூலையின் முகவரி. ஒருவர் அங்கே கை வைத்துவிட்டால் அடுத்தவருக்கு அங்கே இடமில்லை.

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் பொங்கலுக்கு முந்தைய இரவுகளில் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பார்கள். கதவு வழியாக முண்டியடித்து ஏறியவர் பார்த்தால் எல்லா இருக்கைகளிலும் துண்டு கிடக்கும். அவர் நின்றுகொண்டு போவார். ஆனால் இந்த பஸ்ஸில் இருக்கையே இல்லை என்று அவர் ஊருக்குப் போய்ச் சொல்ல மாட்டார். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். இரண்டு நாட்களாகத் தட்டில் கிடந்த சாயமில்லாத சிடி28.2 எல்லா இடங்களிலும் துண்டு போட்டிருந்தது. சாயத்தோடு பிறகு வந்த சிடி28.2 உட்கார வழியில்லாமல், கழுவும்போது கரைசலோடு வெளியேறியது. இடம் கிடைக்காததை நான் இருக்கை இல்லை என்று படித்துவிட்டேன்.

ஐயத்தைத் தீர்க்க ஒரு மணி நேரச் சோதனை போதுமாக இருந்தது. எதனாலும் தூண்டப்படாத புதிய செல்களை ஐஸில் வைத்தேன். அந்தக் குளிரில் செல்லால் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது. சாயமில்லாத சிடி28.2-ஐ அரை மணி நேரம் சேர்த்துக் கழுவிவிட்டு, சாயம் ஏற்றியதைச் சேர்த்து ஓட்டினேன். மேடு இடப்பக்கம் சரிந்து, என் பழைய படத்தில் இருந்த அதே இடத்தில் போய் உட்கார்ந்தது. அந்தச் செல்கள் எதையும் இழப்பதற்கு நேரமே இருந்திருக்கவில்லை.

அடுத்த நாள் இன்னொரு வழியிலும் கேட்டுப் பார்த்தேன். ஆன்டிபாடிகளில் உட்பிரிவுகள் உண்டு. சிடி28.2 எலியின் ஐஜிஜி1 வகை. ஓகேடி3 எலியின் ஐஜிஜி2ஏ வகை. ஆகவே எலியின் ஐஜிஜி1-ஐ மட்டும் பிடிக்கும் இரண்டாம்நிலை ஆன்டிபாடியைத் தூண்டப்பட்ட செல்களின் மேல் போட்டால், துண்டுகளையே எண்ணிவிடலாம். செல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. ஐஸில் வைத்த செல்களைவிடக் குறைவாகத்தான். அதாவது கொஞ்சம் சிடி28 உண்மையிலேயே உள்ளே போயிருந்தது. என் வாக்கியத்தில் ஒரு பங்கு உண்மை இருந்தது. எவ்வளவு பங்கு என்று அந்தப் படத்தை வைத்துச் சொல்ல முடியாது.

அன்று மாலையே தம்பியைத் தேடிப் போய்ச் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அக்கா, என் தட்டுகளிலும் இதே குளோன்தான்" என்றான். அவனுடைய முகம் மறக்கவில்லை.

எங்கே பிடிப்பது, எப்படிப் பிடிப்பது

சொந்தத் தவறுக்குப் பிறகுதான் 2006-ஐப் பற்றி நான் முழுமையாகப் படித்தேன். அந்த ஆண்டு மார்ச் 13 அன்று லண்டனின் நார்த்விக் பார்க் மருத்துவமனை வளாகத்தில், டிஜிஎன்1412 என்ற ஆன்டிபாடி முதன்முதலாக மனிதர்களுக்குச் செலுத்தப்பட்டது. அதுவும் சிடி28-ஐப் பிடிப்பதுதான். தன்னார்வலர்கள் எட்டுப் பேர். ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு வெறும் கரைசல். உடல் எடையில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம். குரங்குகள் எந்தத் தீங்கும் இல்லாமல் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கு. ஒன்றரை மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களுக்குத் தலைவலி, உடல்வலி, காய்ச்சல் எனத் தொடங்கி, நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் சைகைப் புரதங்களான சைட்டோகைன்கள் வெள்ளமாகப் பெருகி, ஆறு பேரும் பல உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். ஆறு பேரும் உயிர் பிழைத்தார்கள். ஒருவர் கால் விரல்களையும் கை விரல்களின் பகுதிகளையும் இழந்தார்.

நாங்கள் தட்டில் ஊற்றுகிற வழக்கமான சிடி28 ஆன்டிபாடிகள், முதல் சைகை இல்லாமல் தனியாகப் பெரிதாக எதையும் செய்வதில்லை. டிஜிஎன்1412-க்கு முதல் சைகையே தேவைப்படவில்லை. இரண்டும் பிடிப்பது ஒரே ஏற்பியை. பிடிக்கும் இடம்தான் வேறு. வழக்கமானவை பி7 வந்து அமரும் உச்சிப் பகுதிக்கு அருகே பிடிக்கின்றன. டிஜிஎன்1412 பக்கவாட்டில், செல்சவ்வுக்கு நெருங்கிய ஒரு வளைவைப் பிடித்தது. ஒரே மூலக்கூறில் சில நானோமீட்டர் தள்ளிக் கை வைத்ததில், இரண்டாம் சைகையாக இருந்தது முழு அழைப்பாகவே மாறிவிட்டது. இதைப் படித்த பிறகு "சிடி28 ஆன்டிபாடி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதற்கு என் நாக்கு எழவில்லை.

என்னை அதைவிட அதிகமாக உலுக்கியது இன்னொன்று. மனித ரத்தச் செல்களோடு அந்த ஆன்டிபாடியைக் கரைசலாகக் கலந்து பார்த்தபோது செல்கள் அசையவே இல்லை. விபத்துக்குப் பின், பிரிட்டனின் உயிரியல் தர நிர்ணய நிறுவனத்தில் ஸ்டெப்பிங்ஸும் உடனுழைத்தவர்களும் அதே ஆன்டிபாடியைத் தட்டின் அடியில் காயவைத்துப் படியச் செய்து, அதே வகைச் செல்களைப் போட்டார்கள். இம்முறை சைட்டோகைன்கள் கொட்டின. 2011-இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் ஹ்யூனிக்கின் குழு, ரத்தச் செல்களை முதலில் இரண்டு நாள் நெருக்கமாக அடைத்து வளர்த்துவிட்டுப் பிறகு சோதித்தால் கரைசலுக்கும் பதில் கிடைக்கிறது என்று காட்டியது. ரத்தத்தில் ஓடும் செல்கள் தனித்து மிதக்கின்றன, திசுக்களுக்குள் இருப்பவை ஒன்றையொன்று உரசிக்கொண்டு இருக்கின்றன. அந்த உரசல் இருந்தால்தான் அவை பதில் சொல்லத் தயாராகின்றன. குரங்குகள் ஏன் தாங்கின என்பதற்கும் விடை கிடைத்தது. புயலைக் கிளப்பிய நினைவு டி செல் வகையில் குரங்குகளுக்கு சிடி28 இல்லை. கிளப்புவதற்கு அங்கே ஆள் இல்லை.

கரைசலா, படிவா என்பது நம் குறிப்பேடுகளில் ஒரு சொல். பல கட்டுரைகளின் முறையியல் பகுதியில் அந்தச் சொல்கூட இருப்பதில்லை. "ஆன்டி-சிடி3, ஆன்டி-சிடி28 கொண்டு தூண்டப்பட்டன" என்று ஒரு வரி, அவ்வளவுதான். அந்த வரியை வைத்துக்கொண்டு அதே சோதனையைத் திரும்பச் செய்ய முயன்று மாதங்களை இழந்த மாணவர்களை எனக்குத் தெரியும். குளோன் பெயர், கரைசலா படிவா, எவ்வளவு, அசைடு உள்ளதா இல்லாததா என்ற நான்கையும் எழுத இரண்டு வரி போதும். அசைடைச் சும்மா சொல்லவில்லை. சாயம் ஏற்றிய புட்டிகளில் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்க்கிறார்கள், அதோடு செல்களை இரண்டு நாள் வளர்த்தால் அவை மடியும். எதனால் மடிந்தன என்று தெரியாமல் கொடையாளரின் ரத்தத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு.

சிடிஎல்ஏ-4-இன் கதையும் இங்கேதான் வருகிறது. சிடி28-இன் உடன்பிறப்பு போன்ற அந்த ஏற்பியும் டி செல்களைத் தூண்டுவதுதான் என்று தொடக்கத்தில் நம்பியவர்கள் உண்டு. 1994-இல் புளூஸ்டோனின் குழு, அதன் ஆன்டிபாடியால் வெறுமனே இடத்தை மறைத்தால் டி செல்கள் கூடுதலாகப் பெருகுகின்றன, அதே ஏற்பியை இறுக்கிச் சேர்த்துக் கட்டினால் அடங்குகின்றன என்று காட்டியது. மறைப்பது வேறு, இழுப்பது வேறு என்று பிரித்துப் பார்த்ததால்தான் அது வேகத்தடை என்பது தெரியவந்தது. அடுத்த ஆண்டே க்ரம்மலும் அலிசனும் சிடி28-உம் சிடிஎல்ஏ-4-உம் எதிரெதிர்த் திசையில் வேலை செய்வதை எழுதினார்கள். 1996-இல் அலிசனின் குழு அந்தத் தடையை மறைத்து எலிகளின் புற்றுக்கட்டிகளைப் பின்வாங்கச் செய்தது. 2018-இன் நோபல் பரிசு அந்த வழியில் வந்ததுதான், டி செல்லின் இன்னொரு தடையான பிடி-1-ஐக் கண்டறிந்த ஹோன்ஜோவோடு சேர்த்து.

பிடி-1 என்றதும் மீண்டும் துண்டு நினைவுக்கு வருகிறது. பிடி-1-ஐ மறைக்கும் நிவோலுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பெறும் நோயாளியின் டி செல்களை வழக்கமான ஈஹெச்12 குளோனால் சாயமிட்டால் பிடி-1 மறைந்துபோனதாகத் தெரியும். மருந்தும் ஒரு ஆன்டிபாடி, அது முன்பே அங்கே உட்கார்ந்திருக்கிறது. அந்த மருந்து மனித ஐஜிஜி4 வகை என்பதால், ஐஜிஜி4-ஐத் தேடும் சாயத்தால் அதைக் கண்டுபிடிக்கலாம். இதை அறியாத ஒருவர், "சிகிச்சைக்குப் பின் பிடி-1 குறைந்தது" என்று மருத்துவருக்கு எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. என் தவறு ஒரு தட்டோடு போயிற்று. அங்கே மறுமுனையில் ஒரு நோயாளி இருப்பார்.

மாணவிக்கு அந்தப் படத்தை அனுப்பவில்லை. ஐஸில் செய்த சோதனையின் படத்தை அனுப்பினேன். பொதுக் கோப்புறையில் இருந்த பழைய படத்தின் பெயரையும் மாற்றச் சொன்னேன், திறப்பதற்கு முன்பே தவறு என்று தெரியும்படி. எல்லாக் கொடையாளர்களின் மூலக்கோப்புகளையும், எந்தக் குழியில் எது ஊற்றப்பட்டது என்ற என் குறிப்பேட்டுப் பக்கத்தின் புகைப்படத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவள் பதில் எழுதினாள். "அக்கா, ஓகேடி3 மட்டும் போட்ட குழிகளைப் பார்த்தேன். அவற்றில் சிடி28, தூண்டாத செல்களைவிட ஏறியிருக்கிறது. மூன்று பேரிலும். அங்கே சிடி28.2 ஊற்றவே இல்லையே, அதை நம்பலாம்தானே?"

கோப்பைத் திறந்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. ஒப்பீட்டுக்காக நானே போட்டுவிட்டு, ஆறு வருடங்களாகத் திரும்பிப் பார்க்காத குழிகள். அங்கே யாரும் துண்டு போட்டிருக்கவில்லை. நம்பலாம் என்று எழுதினேன். வேறு மூலையைப் பிடிக்கும் ஒரு குளோனையும் சேர்த்து வைத்து, புதிய ரத்தத்தில் ஒருமுறை செய்து பார்க்கச் சொன்னேன். புதன்கிழமை தட்டில் ஓகேடி3 படிய வைக்கப்போவதாக எழுதியிருக்கிறாள்.